தேனீ தேடும் மூலிகைப் பூக்கள்: மகரந்தத்தை நுண்ணோக்கியில் அடையாளம் காண்பது

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் பயன்படும். தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று ஆராய்வது பிறகு. முதலில் பூவிலிருந்தே ஒப்பீட்டு ஸ்லைடுகள், அதாவது செடி இன்னதென்று தெரிந்த மகரந்தத்தின் மாதிரிகள், செய்துகொள்ளுங்கள்.

துளசி, தும்பை, வேம்பு, தொட்டாற்சிணுங்கி, கிணற்றடிப்பூண்டு ஆகிய ஐந்தும் தொடக்கத்துக்குப் போதும். விரியப்போகும் மொட்டையே பறியுங்கள். விரிந்த பூவில் தேனீ வேறு செடியின் தூளையும் விட்டுப் போயிருக்கும். காகித உறையில் போட்டு ஊர், தேதி எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால், அதுவும் மழைக்காலத்தில், பூஞ்சை பிடித்துவிடும்.

மகரந்தத்தை ஸ்லைடில் பதிக்கக் கிளிசரின் ஜெல்லி: 10 கிராம் ஜெலட்டினை 35 மி.லி. தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். 30 மி.லி. கிளிசரின், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சிட்டிகை தைமால், நிறத்துக்குச் சில சொட்டு சாஃப்ரனின் (சிவப்புச் சாயம்) சேருங்கள். நேரடித் தீயில் கொதிக்கவைத்தால் ஜெலட்டின் உறையும் தன்மையை இழக்கும்.

மகரந்தப்பையை ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு ஊசியால் நசுக்குங்கள். ஆல்கஹால் காயும்போது தூளைச் சுற்றி எண்ணெய் வளையம் படியும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அதைத் துடைத்தெடுங்கள். விட்டுவிட்டால் எண்ணெய்த் துளிகளும் மகரந்தம் போலவே தெரியும். மிளகளவு ஜெல்லியை வைத்து மெல்லச் சூடாக்கிக் கலக்கி, மூடுகண்ணாடியை (மெல்லிய கவர் ஸ்லிப்) சாய்வாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி நிற்கும். கறுத்த, தடித்த விளிம்பு கொண்ட வட்டம் எல்லாமே குமிழிதான்.

பார்க்கும் முன், கண்வில்லைக்குள் இருக்கும் அளவுகோலை, அளவு குறித்த ஸ்லைடு அளவுகோலுடன் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். 40 மடங்குப் பொருள்வில்லையில் அதன் 100 கோடுகள் ஸ்லைடு அளவுகோலின் 250 மைக்ரானை மறைத்தால் ஒரு கோடு 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு செடிக்குக் குறைந்தது 20 துகள்களை அளக்க வேண்டும். ஜெல்லியில் துகள் நாளாக ஆக உப்பும், ஆகவே அளவை ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். துளசியும் தும்பையும் ஒரே குடும்பம். ஆனால் துளசித் துகளின் மேலுறையில் நீளவாக்கில் ஆறு பிளவுகள், தும்பையில் மூன்று. துளசித் துகள் பக்கவாட்டில் கிடந்தால் இரண்டு மூன்று பிளவுதான் கண்ணுக்குப் படும். தும்பை என்று எழுதிவிடுவீர்கள். ஜெல்லி இளஞ்சூடாக இருக்கும்போதே மூடுகண்ணாடியை ஊசிமுனையால் லேசாக அழுத்தினால் துகள் புரளும். துருவத்திலிருந்து (பிளவுகள் போய்ச் சேரும் முனையிலிருந்து) ஒரு முறை, பக்கத்திலிருந்து ஒரு முறை பார்த்து, இரண்டையும் வரையுங்கள். நுண்குவியத் திருகைத் திருப்பிக் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தினால் துளசியின் மேற்பரப்பில் வலைக்கண் தெரியும்.

வேம்பு வழுவழுப்பானது, பெரும்பாலும் நான்கு பிளவு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. கிணற்றடிப்பூண்டு முழுக்க முள். தொட்டாற்சிணுங்கி நான்கு துகள் ஒட்டிய கொத்து. கொத்தே சுமார் 10 மைக்ரான்தான் என்பதால் தூசியென்று தள்ளிவிடாதீர்கள்.

இவை கைவந்தபின் தேனீயின் பின்காலில் இருக்கும் மகரந்த உருண்டைக்குப் போகலாம். ஒரு பறப்பில் தேனீ பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடும், அதனால் உருண்டை ஒரே செடியுடையதாக இருக்கும். நிறவாரியாகப் பிரித்து ஸ்லைடு போடுங்கள்.

தேனென்றால் 10 கிராமை 20 மி.லி. வெதுவெதுப்பான நீரில் (40 டிகிரிக்கு மேல் வேண்டாம்) கரைத்து, மையவிலக்கியில் 10 நிமிடம் சுழற்றி, அடிவண்டலை எடுங்கள். ரப்பர் தேனில் ரப்பர் மகரந்தம் அரிதாகவே கிடைக்கும். அங்கே தேனீ இனிப்பெடுப்பது பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பு நுனியிலுள்ள சுரப்பியிலிருந்து. மகரந்தம் குறைவு என்பதற்காக அதைக் கலப்படம் என்று எழுதிவிடக் கூடாது. வண்டலில் தெரியும் முள்ளும் வலைக்கண்ணும் அந்த நாட்களில் தோட்டத்தடியில் பூத்திருந்த செடிகளுடையவை.