நள்ளிரவில் திணறும் சர்வர்: சார் கட்டளையால் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

சர்வர் மெதுவாக இருக்கிறது என்றதும் எல்லோரும் டாப் கட்டளையைத்தான் (அந்த நொடியில் எது ஓடுகிறது என்று காட்டுவது) ஓட்டுகிறோம். சிக்கல் நடக்கும் நேரத்தில் நாம் திரைக்கு முன் இருந்தால் அது போதும். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு உபுண்டு சர்வர் (2 கோர், 2 ஜிபி ரேம்) பின்னிரவில் மட்டும் திணறும். காலையில் உள்ளே போய்ப் பார்த்தால் எந்தச் சுவடும் இருக்காது. அதைப் பிடித்துக் கொடுத்தது சார் என்ற கட்டளை; சர்வரின் நிலவரம் குறித்து சேமித்துவைத்த பதிவுகளைப் பின்னால் படித்துக் காட்டுவது அது. புதிதாக சர்வர் எடுப்பவர்கள் முதல் நாளே இதைப் போட்டுவைக்க வேண்டும் என்பேன். ஏனென்றால் நேற்று பதிவாகாததை இன்று எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

எஸ்எஸ்ஹெச்சில் நுழைவது, சூடோ, ஒரு ஃபைலைத் திறந்து திருத்துவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: மேலோட்டமாக ஒரு பார்வை

அப்டைம் அடித்தால் கடைசியில் மூன்று எண்கள் வரும். கடந்த 1, 5, 15 நிமிட லோடு சராசரி அது. லோடு என்பது ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற ப்ராசஸ்களின் (இயங்கும் நிரல்களின்) எண்ணிக்கை. என்ப்ராக் அடித்தால் கோர் எண்ணிக்கை தெரியும். 2 கோர் மெஷினில் லோடு 2 என்றால் ஏறக்குறைய கை நிறைய வேலை. ஆனால் லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் சிபியு சும்மா இருக்கும்போதே லோடு 6 காட்டலாம்.

மெமரிக்கு: ஃப்ரீ -எச். இதில் 'ஃப்ரீ' பத்தியைப் பார்த்துப் பதறாதீர்கள், 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் ரேமை லினக்ஸ் டிஸ்க் கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடும்.

படி 2: விஎம்ஸ்டாட் 1

வி, எம், எஸ், டி, ஏ, டி. பிறகு இடைவெளி விட்டு 1. நொடிக்கு ஒரு வரி ஓடும், நிறுத்த கன்ட்ரோல்-சி. முதல் வரியை விட்டுவிடுங்கள். அது மெஷின் பூட் ஆனதிலிருந்து வந்த சராசரி, இப்போதைய நிலவரம் இல்லை. இரண்டாவது வரியிலிருந்துதான் நடப்பு தெரியும்.

'ஆர்' என்பது சிபியுவில் ஓடுகிறவையும் அதற்காக வரிசையில் நிற்பவையும். 'பி' என்பது பெரும்பாலும் டிஸ்க்கில் மாட்டிக்கொண்டவை. 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ரேம் போதாமல் ஸ்வாப் (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) ஓடுகிறது. 'யுஎஸ்' என்பது நிரல்கள் எடுத்த சிபியு நேரத்தின் சதவீதம், 'டபிள்யூஏ' என்பது டிஸ்க்குக்காகக் காத்துக் கழிந்த சதவீதம். 'யுஎஸ்' 3, 'டபிள்யூஏ' 71, 'பி' 4 என்று ஒரு வரி வந்தால், கோர்களைக் கூட்டிப் பயனில்லை, டிஸ்க்தான் முட்டுக்கட்டை. வாடகை விபிஎஸ் (ஒரு பெரிய மெஷினைப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) வைத்திருப்பவர்கள் 'எஸ்டி' பத்தியையும் கவனியுங்கள். நமக்கு வர வேண்டிய சிபியு நேரம் அதே ஹோஸ்டில் வேறு வேலைக்குப் போவதைச் சொல்வது அதுதான்.

படி 3: பதிவைத் தொடங்குதல்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சிஸ்ஸ்டாட்

இந்தப் பேக்கேஜுக்குள்தான் சார் (எஸ், ஏ, ஆர்), ஐஓஸ்டாட், பிட்ஸ்டாட் எல்லாம் இருக்கின்றன. பலரும் நின்றுபோகிற இடம் இதுதான்: டெபியன், உபுண்டுவில் இன்ஸ்டால் செய்த மாத்திரத்தில் பதிவு தொடங்கிவிடும் என்று நம்ப முடியாது. மறுநாள் சார் அடித்தால், ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும். /இடிசி/டிஃபால்ட்/சிஸ்ஸ்டாட் ஃபைலைத் திறந்து, எனேபிள்டு என்ற வரியில் ஃபால்ஸ் இருந்தால் ட்ரூ ஆக்குங்கள். பிறகு:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் சிஸ்ஸ்டாட்

சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் அடித்து, பட்டியலில் சிஸ்ஸ்டாட்-கலெக்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே லாக்அவுட் செய்யுங்கள்.

வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும். சிபியு எண்கள் அந்தப் பத்து நிமிடத்தின் சராசரி, அதனால் அரை நிமிடத் திணறல் அதில் கரைந்துபோகும். நான் 2 நிமிடமாக வைத்துக்கொள்கிறேன். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் அந்த சிஸ்ஸ்டாட்-கலெக்ட் டைமரை மாற்றும்போது, டைமர் என்ற தலைப்பின் கீழ் (சதுர அடைப்புக்குள், முதல் எழுத்து பெரியது) முதலில் ஆன்காலண்டர்= என்று காலியாக ஒரு வரி, அடுத்த வரியில் ஆன்காலண்டர்=*:00/2. இதில் ஆன், காலண்டர் இரண்டின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. காலி வரி இல்லாவிட்டால் பழைய அட்டவணையும் கூடவே ஓடும்.

படி 4: பழைய பதிவைப் படித்தல்

சார் -யு சிபியு, சார் -க்யு லோடு, சார் -ஆர் மெமரி, சார் -பி (ஆங்கில வரிசையில் இரண்டாவது எழுத்து) டிஸ்க் போக்குவரத்து. எதுவும் சொல்லாவிட்டால் இன்றைய பதிவு வரும். பழைய நாளுக்கு -எஃப் போட்டு ஃபைல் பெயர். 15ஆம் தேதி என்றால் /வார்/லாக்/சிஸ்ஸ்டாட்/எஸ்ஏ15. ரெட்ஹேட் வகையில் ஃபைல்கள் /வார்/லாக்/எஸ்ஏ என்ற ஃபோல்டரில் இருக்கும். நேரத்தைக் குறுக்க: -எஸ் 21:00:00 -இ 22:30:00.

அதிகாலை 3 மணிக் கதையைத் தேடும்போது ஏன் 21:00? பல சர்வர்களின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. நம் இந்திய நேர அதிகாலை 3:00 அங்கே முந்தைய நாள் 21:30. ஆகவே 16ஆம் தேதி விடியலில் நடந்தது 15ஆம் தேதி ஃபைலில் இருக்கும். முதலில் டேட் என்று அடித்து, கடிகாரம் எதில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

என் சர்வரில் 21:30 முதல் ஐஓவெயிட் (விஎம்ஸ்டாட்டில் பார்த்த 'டபிள்யூஏ'தான்) ஏறி, யூசர் நேரம் தரையில் கிடந்தது. எந்த ப்ராசஸ் என்று சார் சொல்லாது, நேரத்தை மட்டுமே சொல்லும். நேரம் கிடைத்ததும் கிரான்டேபைப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலை) பார்த்தேன்: பேக்கப்பும் தரவுத்தள டம்ப்பும் ஒரே நிமிடத்தில் கிளம்பின. ஒன்றை ஒரு மணி நேரம் தள்ளிவைத்ததும் இரவு அமைதியானது. கிரானில் விடை கிடைக்காதவர்கள் அந்த நேரத்தில் விழித்திருந்து பிட்ஸ்டாட் -டி 5 ஓட்டுங்கள் (டிஸ்க் என்பதன் முதல் எழுத்தான டி). எந்த ப்ராசஸ் எவ்வளவு எழுதுகிறது என்பது வந்துவிடும்.

டாப்பின் மெருகேற்றிய வடிவமான எச்டாப் பார்க்க அழகு, ஆனால் கடந்த நேரம் அதற்குத் தெரியாது. ஒன்றிரண்டு மெஷினுக்காக ப்ரோமிதியஸ், கிராஃபானா (அளவுகளைச் சேகரித்து வரைபடமாகக் காட்டும் கருவிகள்) நிறுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றைப் பராமரிப்பதே தனி வேலை. 2 ஜிபி ரேமில் அவற்றுக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

பின்சேர்க்கை: நேரம் ஏஎம், பிஎம் என்று வருகிறதே, -எஸ் வேலை செய்யவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். -எஸ், -இ இரண்டுக்கும் 24 மணி வடிவம்தான் கொடுக்க வேண்டும். வெளியீடும் அப்படியே வேண்டுமானால் கட்டளைக்கு முன்னால் எல்சி_டைம்=சி சேர்த்து அடியுங்கள்; எல்சி என்பதும் டைம் என்பதும், கடைசி சியும் பெரிய எழுத்தில். இன்னொன்று, பதிவுகள் ஒரு வாரத்தில் அழிந்துவிடுகின்றன என்றால் /இடிசி/சிஸ்ஸ்டாட்/சிஸ்ஸ்டாட் ஃபைலில் ஹிஸ்டரி எண்ணை 28 ஆக்குங்கள்.