11ஆம் வசனத்துக்கு முன்னால் 5ஆம் வசனம்

ஞாயிறு பிரசங்கத்துக்கு எரேமியா 29:11-ஐ, அதாவது கர்த்தர் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனத்தை எடுத்திருக்கிறீர்களா? அந்த ஒரு வசனத்தோடு நிறுத்தாமல், அதிகாரத்தை முதலிலிருந்து சத்தமாக வாசித்துப் பாருங்கள். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். 10ஆம் வசனம் 70 வருஷம் என்கிறது. அதாவது, கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை! 5ஆம் வசனமோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது.

நம் கடலூர் ஜனங்களுக்கு இது சட்டென்று புரியும். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததே, அப்போது மறுபடி கன்று நட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் சபையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் போய் ‘அடுத்த மாசமே எல்லாம் சரியாகிவிடும்’ என்று 11ஆம் வசனத்தை வைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 5ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள், கண்ணை நிமிர்த்திக் கேட்பார்கள்.

அப்புறம், எந்த வேதபகுதியானாலும் குறிப்புத் தாளின் மேலே எழுதிவிடுங்கள்: யார் சொன்னது, யாருக்கு, எந்த நிலைமையில். இந்த மூன்றுக்கும் பதில் எழுதின பிறகுதான் ‘இன்று நமக்கு’ என்ற வரிக்கு வர வேண்டும்.