பிரிட்டனில் கடை நடத்துகிறவர்களுக்கு: கரண்ட் கான்ட்ராக்ட் விற்க வரும் போன் அழைப்புகளை எப்படிக் கையாள்வது

வீட்டு இணைப்புக்குப் போனில் ஒரு கான்ட்ராக்டை ஒத்துக்கொண்டவர் 14 நாளுக்குள் மனம் மாறினால் ரத்து செய்துவிடலாம். கடை இணைப்புக்கு அந்த உரிமை சட்டத்தில் கிடையாது. கையெழுத்தும் வேண்டியதில்லை. பதிவாகிக்கொண்டிருக்கும் போனில் நீங்கள் சொல்லும் ஒரு "சரி" போதும், மூன்று நான்கு வருடத்துக்கு மாட்டிக்கொள்வீர்கள். எரிசக்தித் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நிர்ணயிக்கும் விலை உச்சவரம்பும் வீடுகளுக்குத்தான், வணிகத்துக்கு இல்லை. டேக்அவே, சலூன், மளிகைக்கடை என்று சிறு வியாபாரிகளின் போன் ஓயாமல் அடிப்பதற்குக் காரணம் இதுதான். கீழே சொல்லியிருப்பவை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தின் ஏற்பாடு வேறு.

அழைப்பவர்கள் பெரும்பாலும் புரோக்கர்கள், அதாவது கரண்ட் விற்கும் சப்ளையர்களுக்கும் கடைகளுக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர்கள். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நல்ல புரோக்கர் பத்து சப்ளையர்களின் விலையைக் காட்டி, தன் கமிஷனையும் சொல்லி, யோசிக்க நேரமும் கொடுப்பார். ஆனால் ஒருவர் நல்லவரா இல்லையா என்று போனில் பேசும்போதே கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். யார் கூப்பிட்டாலும் ஒரே நடைமுறை வைத்துக்கொள்வது எளிது.

அவர்களுக்கு வேண்டியது என்ன

மூன்றே விஷயங்கள்: உங்கள் மீட்டரின் சப்ளை நம்பர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரின் பெயர், அவர் வாயால் சம்மதித்த பதிவு. நீங்கள் லிமிடெட் கம்பெனி நடத்தினால் இரண்டாவது ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கிறது. கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் டைரக்டர் பெயரை யாரும் பார்க்கலாம். ஆகவே உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார் என்பதற்காக அவர் உங்கள் சப்ளையரின் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சப்ளை நம்பர் கரண்ட் பில்லில் இருக்கும். இடது ஓரத்தில் ஆங்கில எஸ் எழுத்தைப் பெரிதாகப் போட்ட ஒரு கட்டத்தைத் தேடுங்கள். அதன் கீழ் வரிசையில் உள்ள 13 இலக்கம்தான் எம்பான் எனப்படும் அந்த சப்ளை நம்பர். கேஸுக்கு எம்.பி.ஆர்.என். என்று 6 முதல் 10 இலக்கம் வரை ஓர் எண் இருக்கும். "பில்லைக் கையில் எடுங்க, சரியான ரேட்டில்தான் இருக்கீங்களான்னு பார்த்துடலாம்" என்று அழைப்பவர் சொன்னால் அவர் குறி இந்தக் கட்டம்தான். உங்கள் சப்ளையரிடம் இந்த எண் ஏற்கனவே உண்டு. உங்களிடம் கேட்டு வாங்கும் அவசியம் அவர்களுக்கு அநேகமாக வராது.

பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்: "உங்க கரண்ட் கம்பெனி சார்பா பேசறோம். கான்ட்ராக்ட் முடியப்போகுது, நாளையிலிருந்து ரேட் இரண்டு மடங்கு ஆகிடும். இன்னைக்கே பழைய ரேட்டைப் பிடிச்சு வெச்சுடறேன். விவரத்தை மட்டும் உறுதி பண்ணிக்கணும், ஒரு நிமிஷம் மேனேஜர்கிட்ட கொடுக்கறேன்." அந்த "மேனேஜர்" லைனுக்கு வந்ததும் குரலும் வேகமும் மாறும். முகவரி, பெயர், "இந்த வணிகத்துக்காக முடிவெடுக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா?", "இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பது புரிகிறதா?" என்று மடமடவென்று வாசிப்பார். பொய் எல்லாம் முதல் பாதியில் முடிந்துவிடும். இரண்டாம் பாதி சுத்தமாக இருக்கும். பின்னால் தகராறு வரும்போது உங்களுக்கு அனுப்பப்படுவது இந்த இரண்டாம் பாதியின் பதிவு மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

வேறு வேடங்களும் உண்டு. ஆஃப்ஜெம்மிலிருந்து பேசுவதாகச் சொன்னால் உடனே வைத்துவிடலாம். அது ஒழுங்குமுறை அமைப்பு, கரண்ட் விற்காது, பேங்க் விவரம் கேட்காது. யூகே பவர் நெட்வொர்க்ஸ் போன்ற விநியோக நிறுவனங்களும் கான்ட்ராக்ட் விற்பதில்லை. அவை வயரையும் சப்ஸ்டேஷனையும் பார்த்துக்கொள்பவை, கரண்ட் போனால் நாம் 105க்கு அழைக்கும்போது பேசுகிறவை. "வாட் (VAT) வரிப் பணம் திரும்பி வரும்" என்பது இன்னொரு தூண்டில். அதில் ஒரு துளி உண்மை இருப்பதால் நம்பத் தோன்றும்: மாதத்துக்குச் சராசரியாக 1,000 யூனிட்டுக்குக் குறைவாக எரிக்கும் கடைக்கு வாட் 20 சதவீதம் இல்லை, 5 சதவீதம்தான். பில்லில் 20 போட்டிருந்தால் சப்ளையரிடம் நீங்களே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் புதிய கான்ட்ராக்ட் எதுவும் போட வேண்டியதில்லை.

புதிதாகக் கடை எடுத்தவர்களைத் தனியாகக் குறிவைப்பார்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து, அந்த மீட்டருக்கு ஏற்கனவே இருக்கும் சப்ளையரிடம் நீங்கள் 'டீம்டு' கான்ட்ராக்டில் இருப்பதாகக் கணக்கு. ரேட் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நோட்டீஸும் அபராதமும் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். முதல் நாளே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துச் சப்ளையருக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் நிதானமாக விலை விசாரித்தால் நஷ்டம் பெரிதாக வராது. "இன்னைக்கே போடலைன்னா கரண்ட்டைக் கட் பண்ணிடுவாங்க" என்பது வெறும் மிரட்டல்.

போன் வந்தால்

கேள்வி கேட்பவர் நீங்களாக இருங்கள். நீங்கள் எந்தக் கம்பெனி, புரோக்கரா சப்ளையரா, திரும்ப அழைக்க நம்பர் என்ன? பதிலைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே வாக்கியம்: "போனில் எதற்கும் சம்மதிக்க மாட்டேன், விலையையும் முக்கிய நிபந்தனைகளையும் ஈமெயிலில் அனுப்புங்கள்." நேர்மையானவர் அனுப்புவார். மற்றவர் "இந்த ரேட் இந்த போன் காலில் மட்டும்தான்" என்பார். அங்கேயே வைத்துவிடுங்கள். மரியாதைக்காகப் பேச்சை இழுப்பதில்தான் நம்மவர்கள் பலர் சிக்குகிறார்கள்.

கவுண்டரில் நிற்கும் தம்பியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். "ஓனர் இல்லையா? பரவாயில்லை, நீங்களே உறுதி பண்ணுங்க" என்று அவரிடம் சம்மதம் வாங்கிவிடுவார்கள். அவருக்கு அதிகாரம் இல்லை என்பது பின்னால் நல்ல வாதம்தான். ஆனால் அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு அவர் "ஆமாம்" சொன்ன பதிவு எதிரே இருக்கும்போது அதை நிறுவுவது பெரும்பாடு. போன் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: கரண்ட், கேஸ், கார்டு மெஷின் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது, பில்லை எடுத்துப் படிக்கக் கூடாது.

கான்ட்ராக்ட் முடியும் தேதி உங்களுக்கே தெரிந்திருந்தால் அவர்களுடைய முக்கிய ஆயுதம் மழுங்கிவிடும். மைக்ரோ பிசினஸ் எனப்படும் மிகச் சிறு வணிகத்தின் (வரையறை கீழே) பில்லில் அந்தத் தேதி இருக்க வேண்டும். முடிவதற்கு ஏறத்தாழ 60 நாள் முன்பு சப்ளையர் கடிதமும் வரும். அதைக் காலண்டரில் குறித்து, அந்தச் சமயத்தில் நீங்களே விலை விசாரியுங்கள்.

ஈமெயில் வந்த பிறகு பார்க்க வேண்டியது

யூனிட் ரேட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உதாரணத்துக்கு, ஒருவர் யூனிட் 24 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்டும் தினக் கட்டணம்) நாளுக்கு 60 பென்ஸ் என்கிறார். இன்னொருவர் யூனிட் 22 பென்ஸ், நாளுக்கு 2.50 பவுண்ட். வருடத்துக்கு 12,000 யூனிட் எரிக்கும் கடைக்கு முதலாவது 3,099 பவுண்ட், இரண்டாவது 3,552.50 பவுண்ட். "மலிவான" ரேட் 450 பவுண்டுக்கு மேல் கூடுதல். வருடம் சுமார் 34,700 யூனிட்டைத் தாண்டினால்தான் இரண்டாவது லாபம். உங்கள் வருட யூனிட் எவ்வளவு என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. அது பில்லிலேயே இருக்கும்.

அடுத்தது கமிஷன். "எங்க சேவை இலவசம்" என்பார்கள். அந்தப் பணம் யூனிட் ரேட்டுக்குள் ஏற்றப்பட்டிருக்கும். யூனிட்டுக்கு 3 பென்ஸ் ஏற்றினால், 30,000 யூனிட் எரிக்கும் கடை வருடம் 900 பவுண்ட், நான்கு வருட கான்ட்ராக்டில் 3,600 பவுண்ட் கொடுக்கிறது. நீண்ட கான்ட்ராக்டையே தள்ளப் பார்ப்பது ஏன் என்று இப்போது விளங்கும். இந்தக் கமிஷனைச் சப்ளையர் கான்ட்ராக்டில் காட்ட வேண்டும். 2022 அக்டோபர் முதல் மைக்ரோ பிசினஸ்களுக்கும், 2024 அக்டோபர் முதல் எல்லா வணிகங்களுக்கும் இது விதி. மொத்தம் எத்தனை பவுண்ட் என்று எழுத்தில் கேளுங்கள்.

'ஃபிக்ஸ்டு' என்ற சொல்லையும் தோண்டிப் பாருங்கள். சிலவற்றில் கரண்ட்டின் விலை மட்டுமே மாறாது. நெட்வொர்க் கட்டணமும் அரசு லெவிகளும் கூடினால் உங்கள் தலையில்தான். எல்லாம் சேர்த்து மாறாததா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் கேட்டு, லெட்டர் ஆஃப் அதாரிட்டி என்று ஒரு பக்கத் தாளைப் புரோக்கர் அனுப்பினால் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். தகவல் கேட்க அனுமதி என்றால் பரவாயில்லை. "எங்கள் சார்பில் கான்ட்ராக்ட் போட" என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, மூன்று மாதம் போல ஒரு முடிவு தேதியும் போடுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்தே போடாதீர்கள். பழைய கான்ட்ராக்டிலிருந்து தப்பிக்கக் கடை கைமாறியதாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அது மோசடி. மாட்டுவது புரோக்கர் இல்லை, படிவத்தில் கையெழுத்திட்ட நீங்கள்.

ஏற்கனவே "சரி" சொல்லிவிட்டால்

அன்றைக்கே எழுதுங்கள். புதிய சப்ளையருக்கும் புரோக்கருக்கும் தனித்தனி ஈமெயில். என்ன பொய் சொல்லப்பட்டது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: "என் தற்போதைய சப்ளையர் என்றார்", "வெறும் விவரச் சரிபார்ப்பு என்றார்", "கமிஷன் இல்லை என்றார்". "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பொதுவாக எழுதினால் ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். அந்தக் கான்ட்ராக்டை ஏற்கவில்லை, இது முறையான புகார், அதாவது 'கம்ப்ளெயின்ட்', என்று அந்தச் சொல்லையே போட்டு எழுதுங்கள். கீழே வரும் 8 வாரக் காலக்கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

பதிவைக் கேட்கும்போது "கான்ட்ராக்ட் பதிவு" என்று கேட்காதீர்கள், சுத்தமான இரண்டாம் பாதிதான் வரும். அந்த நாளிலும் அதற்கு முந்தைய நாட்களிலும் உங்கள் நம்பருடன் நடந்த எல்லா அழைப்புகளின் முழுப் பதிவும் வேண்டும் என்று கேளுங்கள். பேசியவரின் குரல் அவருடைய தனிப்பட்ட தரவு என்பதால், பேசியவர் பெயரிலேயே தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. முதல் பாதி அழிந்துவிட்டது என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள், பின்னால் உதவும்.

இப்போதைய சப்ளையருக்கும் சொல்லுங்கள். அவர்களுடனான கான்ட்ராக்ட் இன்னும் முடியவில்லை என்றால், மாற்றத்தை ஆட்சேபித்துத் தடுக்கும் வழி அவர்களுக்கு உண்டு.

கோபத்தில் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு. எரித்த கரண்ட்டுக்குக் கடன் ஏறும், இணைப்பைத் துண்டிக்கும் நடவடிக்கைக்கு இடம் கொடுத்ததாகும், கடனைக் காட்டி வேறு சப்ளையருக்குப் போவதையும் தடுக்கலாம். தகராறு இல்லாத தொகையைக் கட்டிக்கொண்டே, "கான்ட்ராக்டை ஏற்காமல், எதிர்ப்புடன் கட்டுகிறேன்" என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

8 வாரத்தில் தீரவில்லை, அல்லது அதற்கு முன்பே "இதுதான் எங்கள் இறுதி நிலை" என்ற டெட்லாக் கடிதம் வந்துவிட்டது என்றால், இப்படிப்பட்ட தகராறுகளை விசாரிக்கும் சுதந்திர அமைப்பான எனர்ஜி ஓம்பட்ஸ்மனிடம் போங்கள். கட்டணம் இல்லை. இழப்பீடு கொடுக்கும்படியும் அது உத்தரவிடலாம். தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் சப்ளையர் கட்டுப்பட்டே ஆக வேண்டும். டெட்லாக் கடிதம் வந்து 12 மாதத்துக்குள் போய்விடுங்கள். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்து, வருட விற்பனையோ சொத்துக் கணக்கோ 20 லட்சம் யூரோவைத் தாண்டாவிட்டால் நீங்கள் மைக்ரோ பிசினஸ். வருடம் 1,00,000 யூனிட் வரை கரண்ட் எரித்தாலும் அப்படியே. 2024 டிசம்பர் முதல் 50 பேருக்குக் குறைவான சிறு வணிகங்களுக்கும், விற்பனை வரம்புக்கு உட்பட்டு, இந்தக் கதவு திறந்திருக்கிறது. மைக்ரோ பிசினஸ்களுடன் வேலை செய்யும் புரோக்கர்களும் 2022 டிசம்பரிலிருந்து ஏதாவதொரு தகராறு தீர்வுத் திட்டத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். எந்தத் திட்டம் என்று புரோக்கரிடமே கேளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் இருப்பவர்கள் எழுதத் தடுமாறினால் ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் 0808 223 1133 இலவச நம்பருக்கு அழைக்கலாம்.

அழைப்புகளைக் குறைக்க

விற்பனை அழைப்பு வேண்டாம் என்று நம்பரைப் பதிந்து வைக்கும் பட்டியல்கள் உண்டு: லிமிடெட் கம்பெனி என்றால் கார்ப்பரேட் டெலிஃபோன் பிரிஃபரன்ஸ் சர்வீஸ், தனி ஆளாக நடத்தும் கடை என்றால் சாதாரண டெலிஃபோன் பிரிஃபரன்ஸ் சர்வீஸ். இரண்டும் இலவசம், முழுப் பலன் தெரிய 28 நாள் ஆகும். மொபைலையும் சேர்த்துப் பதியுங்கள். பதிந்த பிறகும் வரும் அழைப்புகளை, நோட்டில் குறித்த நம்பர், தேதி, நேரத்தோடு இன்ஃபர்மேஷன் கமிஷனர் அலுவலகத்தின் இணையதளத்தில் புகாராகக் கொடுக்கலாம்.