கொதிக்கிற தண்ணீருக்கு மேலும் தீ வைத்தால் சூடு ஏறுமா? திண்மம், திரவம், வாயுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலை கொதித்த பிறகும் அடுப்பைப் பெரிதாகவே வைத்திருக்கும் வீடுகள்தான் அதிகம். தீயைக் கூட்டினால் தண்ணீர் இன்னும் சூடாகும், அரிசி சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைக்கிறோம். நிலை மாற்றம் பற்றிய தவறுகளில் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதுதான், ஏனென்றால் மற்ற பல குழப்பங்கள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

சென்னை கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், அதற்கு மேல் ஏறாது. நீங்கள் கூட்டுகிற தீ முழுக்கத் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும். சோறு அதே நேரத்தில்தான் வேகும், கேஸ்தான் வீண். சீக்கிரம் வேக வேண்டுமென்றால் குக்கர்தான் வழி. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையே 120 டிகிரி பக்கம் போய்விடுகிறது. ஊட்டியில் இதற்கு நேர்மாறு, அங்கே காற்றழுத்தம் குறைவு, 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும்.

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 420 கிலோஜூல் போதும். அந்த 100 டிகிரித் தண்ணீரை அதே 100 டிகிரி ஆவியாக மாற்ற மட்டும் சுமார் 2260 கிலோஜூல் வேண்டும், ஐந்து மடங்குக்கும் மேல்! தெர்மாமீட்டர் முள் அசையாது, ஆனால் வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் அடிக்கிற ஆவி, கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதும் இதனால்தான். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது, வாங்கி வைத்திருந்த அத்தனை வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடும். மூடியை உங்கள் பக்கம் திறக்காதீர்கள், எதிர்ப்பக்கம் சாய்த்துத் திறங்கள்.

பனிக்கட்டிக்கும் இதே கணக்குத்தான். 0 டிகிரி வந்ததும் ஐஸ் சட்டென்று தண்ணீராகிவிடும் என்று நினைப்பது தவறு. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு மட்டும் 334 கிலோஜூல் கேட்கும். அதே வெப்பத்தைக் கொடுத்தால் 0 டிகிரித் தண்ணீர் 80 டிகிரி வரை ஏறிவிடும், அவ்வளவு! மெரினாவுக்கு எதிரே காமராஜர் சாலையில் இருக்கிற விவேகானந்தர் இல்லத்தை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். 1842-ல் அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடரின் கம்பெனிக்காக, கப்பலில் வந்த ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டியது அது. அமெரிக்கக் குளங்களில் வெட்டிய ஐஸ், மரத்தூள் போர்த்தி மாதக்கணக்கில் கடலில் வந்து, இந்த வெயில் ஊரில் கட்டியாகவே இறங்கியிருக்கிறது. பெரிய கட்டிகளாக அடுக்கியிருந்தார்கள், மரத்தூள் வெப்பத்தை உள்ளே விடவில்லை, கொஞ்சநஞ்சம் போனதும் உள்ளுறை வெப்பத்துக்கே சரியாகிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த 334-தான் ஞாபகம் வரும்.

அடுத்து, வெள்ளையாகப் புகை மாதிரி தெரிவதை நீராவி என்கிறோம். வெயிட் போடாத குக்கரின் குழாயைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். குழாய் வாயை ஒட்டி ஒரு விரற்கடை தூரத்துக்கு ஒன்றுமே தெரியாது, அதற்கு மேல்தான் வெள்ளை ஆரம்பிக்கும். ஒன்றுமே தெரியாத அந்த இடத்தில் இருப்பதுதான் நீராவி, அது வாயு. வெள்ளையாகத் தெரிவது, காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீரான நுண்துளிகள், அதாவது திரவம். விழா மேடைகளில் உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, போட்டு வருகிற வெண்புகையும் அப்படித்தான். கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, நீங்கள் பார்ப்பது குளிர்ந்துபோன ஈரத்தை.

ஆவியாக 100 டிகிரி வேண்டும் என்றால், மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி எப்படிக் காய்கிறது? கொதிப்பது தண்ணீர் முழுவதிலும் குறிப்பிட்ட வெப்பநிலையில் நடப்பது, ஆவியாவது மேற்பரப்பில் எந்த வெப்பநிலையிலும் நடப்பது, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த புழுக்கமான நாளில் துணி காயவும் தாமதமாகும், மண்பானைத் தண்ணீரும் அவ்வளவு குளிராது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்ப்பதும் அந்தக் காற்றின் ஈரம்தான், பாட்டில் கசியவில்லை.

தேர்வுத்தாளில் மதிப்பெண் போகிற இடம் கற்பூரம். டப்பாவில் வைத்த கற்பூரம் நாளாக நாளாகச் சிறுத்துப்போவது பதங்கமாதல், அதாவது திண்மம் திரவமாகாமல் நேரே வாயுவாவது, அந்துருண்டையும் அப்படியே. தட்டில் ஏற்றிய கற்பூரம் எரிகிறது, அது வேதிமாற்றம். காபியில் சர்க்கரை உருகியது என்று எழுதுவதும் தப்பு, அது கரைந்தது. தண்ணீரில்லாமல் வாணலியில் இளக்கினால்தான் உருகுவது.

கடைசியாகத் தேங்காயெண்ணெய். உறைவது என்றாலே ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம், ஆனால் 1538 டிகிரியில் உருகும் இரும்பு அதே 1538-ல்தான் உறையவும் செய்கிறது. தேங்காயெண்ணெய்க்கு அந்த எல்லை சுமார் 24 டிகிரி. மார்கழிக் காலையில் சென்னை அதற்குக் கீழே இறங்கும், பாட்டிலில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிவிடும். உடனே கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கட்டியதை மட்டும் வைத்து சுத்தமான எண்ணெய் என்றும் சொல்ல முடியாது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள், எண்ணெய் இளகிவிடும்.