அரண்மனையை முதலில் குறியுங்கள், கப்பலைப் பிறகு பிடியுங்கள்: முதல்முறை கப்பல் சுற்றுலா போகிறவர்களுக்கு

இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையின் வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போய் நின்றேன். அந்த அரண்மனைக்கு வார விடுமுறையே செவ்வாய்தான். மாலையில் கப்பல் கிளம்பிவிடும், மறுநாள் வரை காத்திருக்க வழியில்லை. எந்தத் தளத்தில் அறை, ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் மாதக்கணக்கில் ஆராய்ந்தவன், எந்தக் கிழமையில் எந்த ஊர் என்பதை மட்டும் பார்க்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து நான் திட்டமிடும் வரிசை தலைகீழாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் கப்பலைப் பிடித்துவிட்டு, அது நிற்கும் ஊர்களில் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்கள். கடற்காற்றும் நீச்சல்குளமும் போதும் என்பவர்களுக்கு அது சரி. பழைய அரண்மனைகளைப் பார்க்கத்தான் கப்பல் ஏறுகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: மூன்று அரண்மனைகளை மட்டும் எழுதுங்கள்

ஒரு வாரப் பயணத்துக்கு மூன்று போதும். நான்காவது அரண்மனையில் எல்லாத் தங்கமுலாம் கூரைகளும் ஒன்றுபோலவே தெரிய ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: வார விடுமுறை, துறைமுகத்திலிருந்து தூரம், நேரம் குறித்த டிக்கெட் வேண்டுமா என்பது.

வார விடுமுறையில் பொது விதி என்று எதுவும் கிடையாது. பிரான்ஸின் வெர்சாய்க்குத் திங்கள் விடுமுறை. நேபிள்ஸ் நகரின் அரச மாளிகைக்குப் புதன். இஸ்தான்புல்லில் தோப்காபிக்குச் செவ்வாய், அதே ஊரின் டோல்மாபாச்சே அரண்மனைக்கோ திங்கள். வியன்னாவின் ஷான்புரூன் வருடம் முழுவதும் திறந்திருக்கும். இதற்கு மேல், இன்னும் அரசு விழாக்கள் நடக்கிற அரண்மனைகளும் உண்டு. ஸ்டாக்ஹோமில் உள்ளது ஸ்வீடன் மன்னரின் அதிகாரபூர்வ மாளிகை; வெளிநாட்டுத் தலைவர் வந்தால் சில பகுதிகளைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். ஆகவே இந்தத் தகவல்களை அரண்மனையின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை திட்டமிடும்போதும், இன்னொரு முறை கிளம்பும் வாரத்திலும் சரிபாருங்கள்.

படி 2: துறைமுகத்திலிருந்து அரண்மனை வாசல் வரை கணக்குப் போடுங்கள்

கப்பல் நிறுவனங்களின் விளம்பரத்தில் ஊர்ப் பெயர்கள் சற்றுத் தாராளமாகவே இருக்கும். "பாரிஸ்" என்று போட்டிருந்தால் கப்பல் நிற்கப்போவது லெ ஹாவ்ர் துறைமுகத்தில். அங்கிருந்து பாரிஸ் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். "ரோம்" என்றால் சிவிட்டாவெக்கியா. "புளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ. பொய் என்று சொல்ல முடியாது, பக்கத்திலேயே சிறிய எழுத்தில் துறைமுகத்தின் பெயரும் இருக்கும்.

கணக்கு இப்படி. கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் கிடைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் கட்டி, அனுமதி கிடைத்து, நீங்கள் தரையில் கால் வைக்க 8:30 ஆகிவிடும். கிளம்புவதற்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். வழியில் ஏதாவது தடங்கல் வந்தால் சமாளிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆக, கையில் இருப்பது சுமார் ஏழரை மணி நேரம். லெ ஹாவ்ரிலிருந்து வெர்சாய்க்குப் போக இரண்டரை, வர இரண்டரை. மிச்சமுள்ள இரண்டரை மணி நேரத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையும் உண்டு. 73 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மண்டபத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதை. தோட்டத்தின் கோடியில் இருக்கும் ட்ரியனான் மாளிகைகள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், அதை மறந்தேவிடுங்கள். வெர்சாயைப் பார்க்க வேண்டுமென்றால் பாரிஸில் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள் என்பேன், கப்பலிலிருந்து ஒருநாள் ஓட்டமாக வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, குரோஷியாவின் ஸ்பிளிட். ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் பதவியைத் துறந்த பிறகு வாழ்வதற்காகக் கட்டிய அரண்மனை. ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழமை. துறைமுகத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் அதன் மதிலுக்குள் இருப்பீர்கள். அந்த மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். தெருக்களில் சுற்ற டிக்கெட் தேவையில்லை. நிலவறைகள், தேவாலயம் போன்றவற்றுக்கு மட்டும் வாங்கினால் போதும். முதல்முறை போகிறவர்களுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

கிரீட் தீவின் ஹெராக்லியனும் அப்படித்தான். அத்தீவின் பழங்கால நாகரிகத்து மக்களான மினோவர் காலத்து க்னோசஸ் அரண்மனை துறைமுகத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், நகரப் பஸ்ஸே போகிறது. அங்கே நீங்கள் பார்க்கும் சிவப்புத் தூண்களில் பல, தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்கிரீட்டில் மீட்டெழுப்பியவை. அது சரியா தவறா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையே பாதி சுவாரஸ்யம்.

படி 3: கப்பலின் அளவைப் பாருங்கள்

பெரிய கப்பல் என்றால் வசதி அதிகம் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கப்பலின் அளவுதான் நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்பதையும் தீர்மானிக்கிறது. 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடியது. அப்படிப்பட்ட கப்பல் நுழையக்கூடிய துறைமுகங்கள் குறைவு. வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் அந்நகரின் பழைய ஆட்சியாளர்களான டோஜேக்களின் அரண்மனைக்கு முன்னால் கடந்து செல்லத் தடை இருக்கிறது. ஸ்பெயினின் செவில் நகருக்குச் சிறிய கப்பல்கள் குவாதல்கிவிர் ஆற்றின் வழியாகவே வந்துவிடும், அல்காசர் அரண்மனைக்கு நடந்தே போகலாம். பெரிய கப்பலில் போனால் காடிஸில் இறங்கி 120 கிலோமீட்டர் போக வேண்டும்.

சில ஊர்களில் கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். இதற்கு டெண்டர் என்று பெயர். பயணத்திட்டத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் இறங்குவதே ரத்தாகலாம்.

அரண்மனைகள்தான் முதன்மை நோக்கம் என்றால் ஆற்றுக் கப்பலையும் யோசியுங்கள். டான்யூப் ஆற்றில் போகும் கப்பல்கள் புடாபெஸ்டில் நகரின் நடுவிலேயே நிற்கும், அங்கிருந்து கோட்டை அரண்மனை தூரமில்லை. வியன்னாவிலிருந்து ஷான்புரூனுக்கு மெட்ரோ ரயில் உண்டு. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மட்டும் சில பகுதிகளைப் பஸ்ஸில் கடக்க நேரிடும்.

படி 4: அறையைத் தேர்ந்தெடுங்கள்

அறைகள் பொதுவாக நான்கு வகை: ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை. பகலெல்லாம் அரண்மனையில் சுற்றிவிட்டு இரவில் தூங்க மட்டும் வருகிறவர்களுக்கு உள்ளறையே தாராளம். தலைசுற்றல் வரும் உடம்பென்றால் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம், விடிகாலையிலேயே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் எழுப்பிவிடும். விலை மலிவான ஜன்னல் அறையில் "மறைக்கப்பட்ட காட்சி" என்று இருந்தால், கண்ணெதிரே உயிர்காப்புப் படகு தொங்கும் என்று அர்த்தம்.

விளம்பரத்தில் வரும் கட்டணம் இருவர் ஓர் அறையில் தங்கும்போது ஒருவருக்கானது. தனியாகப் போகிறவரிடம் பெரும்பாலும் கூடுதலாக, சில சமயம் ஏறக்குறைய இருவருக்கான தொகையே வாங்குவார்கள். துறைமுக வரி, ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ், வைஃபை, மதுபானம், சிறப்பு உணவகங்கள், கரைச் சுற்றுலா ஆகியவை பல நிறுவனங்களில் தனிக்கணக்கு. இவற்றையெல்லாம் கூட்டிய மொத்தத்தை வைத்துத்தான் இரண்டு கப்பல்களை ஒப்பிட வேண்டும்.

படி 5: பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்

முன்பணம் திரும்பக் கிடைக்குமா? மீதித் தொகைக்குக் கடைசி நாள் எது? பயணத்துக்கு இரண்டு முதல் நான்கு மாதம் முன்பாக இருக்கும், அதன் பிறகு ரத்து செய்தால் இழப்பு ஏறிக்கொண்டே போகும். வழியில் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் என்ன தருவார்கள்? ஒப்பந்தத்தைப் படித்தால் தெரியும், பாதையை மாற்ற நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. திரும்பி வருவது பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டுமே.

நான்காவது கேள்வி விசா. இதில்தான் அனுபவசாலிகளும் கவிழ்கிறார்கள். கிரீஸின் பிரேயஸில் கிளம்பி, இஸ்தான்புல் போய், மறுபடி பிரேயஸ் வருகிறது கப்பல் என்று வையுங்கள். துருக்கி, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இல்லை. எனவே ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு திரும்ப நுழைய முடியாது. பலமுறை நுழைவு விசாவே கேளுங்கள். துருக்கிக்குத் தனி விசா வேண்டுமா என்றும் பாருங்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

காப்பீட்டில் மருத்துவத்துக்காகக் கப்பலிலிருந்து கரைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவும், கப்பலைத் தவறவிட்டால் ஆகும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். விமானத்தில் வந்து கப்பல் ஏறுவதானால் முந்தைய நாளே வந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

படி 6: அரண்மனை டிக்கெட்

கப்பல் உறுதியானதும் அடுத்த வேலை இதுதான். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளம். விலாசத்தைக் கவனித்து, அரண்மனையின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள்.

ஸ்பெயினின் மலாகா துறைமுகத்திலிருந்து கிரனாடா நகரின் அல்ஹம்ப்ரா அரண்மனை வளாகத்துக்குச் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே நஸ்ரிய அரச வம்சத்தினரின் அரண்மனைகளுக்குள் போக டிக்கெட்டில் நேரம் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் மற்ற பகுதிகளைப் பார்க்கலாம், அந்த அரண்மனைகளை மட்டும் பார்க்க முடியாது. டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். லிஸ்பனுக்கு அருகே சிந்த்ராவில் இருக்கும் பேனா அரண்மனையிலும் (எழுதுகிற பேனா இல்லை, பெயரே அப்படி) இதே கண்டிப்புதான். டிக்கெட்டில் இருப்பது அரண்மனைக் கதவுக்கான நேரம், பூங்கா வாசலுக்கான நேரம் அல்ல. இரண்டுக்கும் இடையே ஒரு மலையேற்றம் இருக்கிறது, அரைமணி ஒதுக்குங்கள்.

கப்பல் தாமதமாக வரக்கூடும். ஆகவே கப்பல் வரும் நேரத்துக்கும் பயண நேரத்துக்கும் மேல் ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விட்டு நேரச்சீட்டு எடுங்கள்.

படி 7: கப்பல் நடத்தும் சுற்றுலாவா, சொந்தமாகவா?

என் விதி எளிது. அரண்மனை ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தால் சொந்தமாகப் போவேன். அதற்கு மேல் என்றால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே போவேன். விலை கூடுதல்தான்; ஆனால் அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்தமாகப் போய்த் தாமதித்தால் கரையில் நின்று கையசைக்கலாம்.

படி 8: கப்பல் ஏறும் நாள்

பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம். மருந்து, பாஸ்போர்ட், மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும். பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை.

படி 9: அரண்மனைக்குள்

ஷான்புரூனில் 1,441 அறைகள். பார்வையாளர்களுக்குக் காட்டுவது சுமார் நாற்பது. அந்த நாற்பதையும் ஒரே கவனத்தோடு பார்க்க யாராலும் முடியாது. முந்தைய இரவே ஐந்து அறைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் என்ன நடந்தது என்று படித்துவிட்டுப் போங்கள். ஆறு வயது மொசார்ட் 1762இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவுக்கு வாசித்துக் காட்டிய அரண்மனை இது என்று தெரிந்துகொண்டு அதன் கண்ணாடி அறையில் நிற்பது வேறு அனுபவம். மற்ற அறைகளைக் கடந்து போங்கள், குற்றவுணர்வு வேண்டாம்.

பெரிய பைகள், கேமரா முக்காலிகள் பல இடங்களில் உள்ளே போகாது. டோல்மாபாச்சே மாளிகைக்குள் படம் எடுக்கவே கூடாது. அங்கே துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1938இல் உயிர்விட்ட அறை இருக்கிறது. காவலர்கள் கைபேசியைக் கண்டால் உடனே குரல் கொடுப்பார்கள்.

திரும்பும் நேரத்தைப் பற்றி ஒன்று. கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் சில நாட்களில் ஒரு மணி நேரம் மாறுபடும், உங்கள் கைபேசி ஊரின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டு இறங்குங்கள். இறங்கும்போது கப்பல் நிற்கும் துறைப் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் டாக்ஸி ஓட்டுநரிடம் அதைக் காட்டினால் போதும்.