ஒட்டோ கியர் ஒயில் எங்கிருந்து ஒழுகுகிறது?

காருக்குக் கீழே ஈரத்தைக் கண்டதும் பதற வேண்டாம், கொழும்பு வெக்கையில் ஏசி போட்டு ஓடிவந்து நிறுத்தினால் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். இரவில் ஒரு வெள்ளை அட்டையை அடியில் விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். சிவப்பாக, விரலில் வழுக்கினால் பெரும்பாலும் ஒட்டோ (தானியங்கி) கியர் ஒயில். பழசானால் கபில நிறமாகிவிடும். பழைய கார்கள் பலவற்றில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே ஒயில்தான், அந்த டாங்கியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சொட்டுகிற இடத்தை மட்டும் நம்பாதீர்கள். கியர்பொக்ஸின் அடியில் இருக்கும் ஒயில் தட்டான பேனின் விளிம்பில் துளி தொங்குகிறதே என்று, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய்க் கேஸ்கட் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டி மாற்றினேன். மறுநாள் காலை அதே இடத்தில் அதே துளி! ஒழுகியது இடது பக்கச் சக்கரத்துக்குப் போகிற எக்ஸல் தண்டின் ஒயில் சீல், அங்கிருந்து வழிந்து பேனுக்கு வந்திருக்கிறது.

அதனால் முதலில் கழுவுங்கள். எஞ்சின் ஆறியபிறகு காரை ஜக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் வைத்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் கொழும்பு காலி வீதியில் இருபது நிமிடம் ஓடிவந்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னால் தள்ளும், ஆகவே ஈரம் தொடங்குகிற ஆக மேலான, ஆக முன்பக்கமான இடம்தான் உங்கள் ஆள்.

கியர் ஒயில் ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸ் என்றால் சுலபம்: கிளிப்பை மாற்றுங்கள், ரப்பர் விறைத்திருந்தால் ஒயிலுக்கென்றே வருகிற ஹோஸைப் போடுங்கள், தண்ணீர் ஹோஸ் ஊறிப்போகும். ட்ரெயின் போல்ட் என்றால் புது வாஷர். பேன் கேஸ்கட் என்றால் போல்ட்களைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் பேன் விளிம்பு வளைந்து முன்பைவிட மோசமாக ஒழுகும். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்கிற இடத்தில் சிவப்பு ஒயில் வழிந்தால் அநேகமாக முன் சீல், கியர்பொக்ஸையே இறக்க வேண்டும், அது கராஜ் வேலை.

கடைசியில், குறைந்த ஒயிலை நிரப்ப வேண்டும். எந்த வகை என்று பல டொயோட்டாக்களில் ஒயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலேயே எழுதியிருக்கும். சிவிடி (படிகள் இல்லாத ஒட்டோ கியர்) என்றால் அதற்குரியதுதான், சாதாரண ஏடிஎஃப் (ஒட்டோ கியர் ஒயில்) ஊற்றவே வேண்டாம். டிப்ஸ்டிக் உள்ள கார்களில், டொயோட்டா என்றால் சூடாக, எஞ்சின் ஓடும்போது, கியரை எல்லா நிலைக்கும் போட்டுப் பார்க்கில் வைத்து அளக்க வேண்டும்; ஹோண்டா என்றால் சூடானதும் எஞ்சினை நிறுத்தியவுடன். இரண்டு நாள் ஓடியபிறகு புது அட்டை ஒன்றை விரித்துப் பாருங்கள்.