பனி உருகும் பருவத்தில் மலை நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

அடிவாரத்தில் நல்ல வெயில். மரங்கள் துளிர் விட்டிருக்கும். மெல்லிய சட்டை போதும் என்றுதான் தோன்றும். அதே நாளில் மேலே முழங்கால் அளவு பனி கிடக்கும், இரண்டுக்கும் நடுவே கணுக்கால் வரை சேறு. நடுக் குளிர்காலத்தில் நடப்பதைவிட இந்தப் பருவத்தில் நடப்பதுதான் கடினம் என்பேன். குளிர்காலத்துப் பனி காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். இப்போதோ மணிக்கு மணி மாறும். அதனால் வரைபடத்தைப் பார்க்கிற அளவுக்குக் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்.

படி 1: சேறு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வசந்தம் வந்ததும் உறைந்த மண் மேலிருந்துதான் இளகத் தொடங்கும். அடிமண் இன்னும் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல்மண்ணிலேயே தேங்கும். அதனால்தான் பத்து நாள் மழையே இல்லாவிட்டாலும் பாதை சகதியாக இருக்கிறது. அந்த மண்ணில் ஒரு கால் பதிந்தால் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர், அடுத்த மழையில் அதுவே வாய்க்கால். பாதைகள் இப்படித்தான் அரித்துப் போகின்றன.

படி 2: எங்கே போவது, போகலாமா?

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்து வானிலையை வைத்து உச்சியைக் கணிக்க முடியாது. பூமியின் வட பாதியில் தெற்கு பார்த்த சரிவுகள் முதலில் காயும், வடக்கு பார்த்தவை பல வாரம் பனியை வைத்திருக்கும். ஆகவே இந்தப் பருவத்துக்கு உயரம் குறைந்த, தெற்கு பார்த்த, கல்லும் சரளையும் உள்ள பாதையே சரி.

சில இடங்களில் இது நம் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல. நியூயார்க் மாநிலத்தின் அடிரண்டாக் மலைகளில் 2,500 அடிக்கு மேலுள்ள பாதைகளை, அவை காயும்வரை தவிர்க்கும்படி மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை கேட்டுக்கொள்கிறது. பக்கத்து மாநிலமான வெர்மாண்டில் மே மாதக் கடைசி வரைகூடச் சில பாதைகளை மூடி வைப்பார்கள். போகும் இடத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பனி மூடிய செங்குத்தான மலைப்பக்கங்கள் வழியில் இருந்தால் பனிச்சரிவு (அவலாஞ்ச்) எச்சரிக்கையையும் பாருங்கள். முந்தைய இரவு உறையவே இல்லை என்றால் ஈரப்பனி சரியும் ஆபத்து அதிகம்.

படி 3: எடுத்துக்கொள்ள வேண்டியவை

தண்ணீர் புகாத பூட்ஸ், கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர், இரண்டு ஊன்றுகோல், வழுக்காமல் இருக்க பூட்ஸின்மேல் மாட்டும் சிறு முட்கள் கொண்ட மைக்ரோஸ்பைக், பனி ஆழமாக இருந்தால் கால் புதையாமல் தாங்கும் அகலமான ஸ்னோஷூ. பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. மாற்றுக் காலுறையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள்.

படி 4: விடியும்போதே நடக்கத் தொடங்குங்கள்

இரவில் உறைந்த பனியின் மேல் ஓடு, காலையில் ஆளைத் தாங்கும். வெயில் ஏறியதும் அந்த ஓடு இளகிவிடும். அப்புறம் ஒவ்வோர் அடிக்கும் கால் தொடை வரை இறங்கும். உள்ளே பாறை இடுக்கிலோ கிளையிலோ மாட்டினால் முழங்கால் திருகிக்கொள்ளும். பாறைகளையும் அடிமரங்களையும் ஒட்டிய பனி சீக்கிரம் குழிந்துவிடும், அவற்றிலிருந்து தள்ளியே நடங்கள்.

இன்னொன்றையும் பார்ப்பீர்கள். குளிர்காலம் முழுக்கப் பலர் மிதித்து இறுகிய பனி, பாதையின் நடுவில் மட்டும் வயல் வரப்பு போல உயர்ந்து நிற்கும். இருபக்கமும் உருகிப் போயிருக்கும். வழுக்கும்தான், ஆனாலும் மைக்ரோஸ்பைக்கோடு அந்த வரப்பின் மேலேயே நடப்பதுதான் நல்லது. ஓரத்தில் கால் வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகும்.

கால் திரும்பத் திரும்பப் புதையத் தொடங்கினால் ஸ்னோஷூ மாட்டுங்கள். அது இல்லை என்றால் திரும்பிவிடுங்கள். நீங்கள் விட்டுவந்த குழிகள் இரவில் உறைந்து, அடுத்து வருகிறவரின் காலை ஒடிக்கக் காத்திருக்கும்.

படி 5: சேற்றின் நடுவே நடங்கள்

எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சேற்றைக் கண்டதும் கால் தானாக ஓரத்துப் புல்லைத் தேடும். முதல் ஆள் ஓரமாகப் போவார், அந்த ஓரமும் சேறாகும். அடுத்தவர் இன்னும் தள்ளிப் போவார். ஒற்றையடிப் பாதை கொஞ்ச நாளில் வண்டிப் பாதை அளவுக்கு அகலமாகிவிடும். உச்சியை ஒட்டிய சிறு செடிகள் ஆண்டுக்குச் சில வாரமே வளர்கின்றன; ஒருமுறை மிதிபட்டால் மீண்டு வர ஆண்டுக்கணக்காகும்.

ஊன்றுகோலை முன்னால் குத்தி ஆழம் பாருங்கள். கல் தட்டுப்பட்டால் அதன்மேல் கால் வையுங்கள். இல்லாவிட்டால் பாதம் முழுவதும் படியும்படி மெதுவாக ஊன்றுங்கள். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் குதிகாலை முதலில் தூக்குங்கள், பூட்ஸ் சேற்றோடு நின்றுவிடாது.

படி 6: ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்

பகலில் உருகும் பனி பிற்பகலிலும் மாலையிலும்தான் ஓடைக்கு வந்து சேரும். போகும்போது கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர், திரும்பும்போது தொடையைத் தொடலாம். எனவே திட்டம் போடும்போதே திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

அகலமான, வேகம் குறைந்த இடத்தைத் தேடுங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உடனே உதறலாம். பூட்ஸைக் கழற்ற வேண்டாம். நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, ஊன்றுகோலை ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினாலோ, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ இறங்கவே கூடாது.

ஓடையைப் பனி மூடியிருந்தால் நின்று காது கொடுங்கள். காலுக்கடியில் சலசலப்பு கேட்கிறதா? பனி நடுவில் தொய்ந்து, நிறம் மங்கியிருக்கிறதா? அப்படியானால் அது உள்ளே கரைந்துபோன மேல்மூடி, ஆளைத் தாங்காது. வேறு இடம் பாருங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

சேறு காயும் முன்பே பூட்ஸைக் கழுவுங்கள். உள்ளட்டையை வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, அது நனைய நனைய மாற்றுங்கள். அடுப்பு, ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். சூட்டில் பசை விட்டு அடித்தோல் பிய்ந்துவிடும்.